வைப்புநிதியின் இடத்தில் அமெரிக்க ‘சீனியர் லோன்’ ஃபண்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த சில வாரங்களாக இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே பொருள் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. அமெரிக்காவில் வங்கிகள் ஏற்பாடு செய்யும் நிறுவனக் கடன்களை மொத்தமாக வாங்கித் தொகுத்து, அத்தொகுப்பை யூனிட்களாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் விற்கும் ‘சீனியர் லோன் இ.டி.எஃப்.’ என்னும் முதலீடு பற்றியே பலரும் கேட்டிருக்கிறார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள் பெருகிவிட்டன. அந்தப் பிள்ளைகளின் தொலைபேசி அழைப்புகள் வழியாகவே இது நம் மலைக்கு வந்து சேர்ந்திருப்பதாகத் தெரிகிறது. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் இந்த ஒன்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் அரசுப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என் ஓய்வுக்காலப் பணத்தில் 20 லட்சம் ரூபாய் வங்கியில் வைப்புநிதியாக இருக்கிறது. புதுப்பிக்கும்போதெல்லாம் வட்டி குறைகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் மகன், பி.கே.எல்.என். என்ற ஃபண்டில் அதைப் போடச் சொல்கிறான். ‘வட்டி விகிதம் ஏறினாலும் விலை இறங்காது, மாதாமாதம் பணம் வரும், வங்கிக் கடன் என்பதால் பாதுகாப்பானது’ என்கிறான். போடலாமா? (கோத்தகிரி வாசகி)

பதில்: அம்மா, தங்கள் மகன் சொன்ன மூன்றில் முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவதும் சரி, ஆனால் வருகிற பணம் ஒரே அளவில் இருக்காது. மூன்றாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலாவதை வீட்டுக்கடன் வாங்கியவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம், 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக உயர்ந்தபோது, மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு மாதத் தவணை கூடியது, அல்லது தவணைகளின் எண்ணிக்கை நீண்டது. கடன் வாங்கியவருக்கு அது சுமை. கடன் கொடுத்த வங்கிக்கு அதுவே வரவு. இந்த ஃபண்டை வாங்கும்போது தாங்கள் வங்கியின் நாற்காலியில் அமர்கிறீர்கள். அங்கே அளவுகோலாக இருப்பது ‘சோஃபர்’ என்னும் அமெரிக்க ஓரிரவுக் கடன் வட்டி விகிதம். 2023 ஜூன் வரை ‘லைபார்’ அந்த இடத்தில் இருந்தது. அளவுகோலுக்கு மேல் ஏறத்தாழ 3 சதவீதமோ சற்றுக் கூடுதலாகவோ சேர்த்து, மாதத்துக்கு ஒரு முறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி திருத்தப்படுகிறது. நிலையான வட்டிப் பத்திரமென்றால், சந்தையில் வட்டி ஏறும்போது பழைய பத்திரத்தை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள். இங்கே பழைய கடனின் வட்டியும் சேர்ந்தே ஏறிவிடுவதால் அந்த இழப்பு நேர்வதில்லை. 2022ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரச் சந்தையின் பொதுக் குறியீடு 13 சதவீதம் இழந்தது; அதே ஆண்டில் இத்தகைய கடன்களின் குறியீடு இழந்தது 1 சதவீதத்துக்கும் குறைவே. இந்தப் பெருமை அந்தக் கடன்களுக்கு உரியதுதான்.

ஆனால் ‘வங்கிக் கடன்’ என்ற சொல் வங்கி வைப்புநிதியை நினைவூட்டி நம்மை ஏமாற்றக்கூடியது. வைப்புநிதியில் தங்களுக்குக் கடன்பட்டிருப்பது வங்கி. அந்த வங்கி கொடுத்த கடன்களில் சில திரும்பாவிட்டாலும், இழப்பு முதலில் வங்கியின் லாபத்தையும் மூலதனத்தையும் தின்ற பிறகே தங்களிடம் வரும். அப்படி வந்தாலும் ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புநிதிக் காப்பீடு உண்டு. இந்த ஃபண்டிலோ, வங்கி கடனை ஏற்பாடு செய்து, அதற்கான கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, கடனைப் பல முதலீட்டாளர்களுக்கு விற்றுவிடுகிறது. அதன் பிறகு இழப்பு நேர்ந்தால் தங்களுக்கும் கடனாளிக்கும் இடையில் எந்த வங்கியும் நிற்பதில்லை.

கடனாளிகள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கணிசமான கடன் சுமையில் இருக்கும் நிறுவனங்களே இந்தச் சந்தையின் வாடிக்கையாளர்கள். அவற்றுள் பல, தனியார் முதலீட்டு நிறுவனங்கள் கடன் வாங்கி விலைக்கு எடுத்த நிறுவனங்கள். வாங்குவதற்குப் பட்ட கடனையும் வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையிலேயே ஏற்றிவிடுவது அவர்களின் வழக்கம். இவற்றின் தரமதிப்பீடு பெரும்பாலும் ‘பி.பி.’ அல்லது ‘பி’. முதலீட்டுக்குத் தகுந்த தரம் என்பது ‘பி.பி.பி. மைனஸ்’ உடன் முடிந்துவிடுகிறது; இவை இரண்டும் அதற்குக் கீழே. அளவுகோலுக்கு மேல் கிடைக்கும் அந்த 3 சதவீதம், இத்தகையவருக்குக் கடன் கொடுக்கும் துணிவுக்கான கூலி.

2008ஆம் ஆண்டில் இக்கடன்களின் குறியீடு 29 சதவீதம் வீழ்ந்தது. 2009இல் 51 சதவீதம் மீண்டும் ஏறியது என்பதும் உண்மை. அதாவது 100 என்பது 71 ஆகி, பிறகு 107 ஆயிற்று. தங்களுடைய 20 லட்சம் 14 லட்சமாக இருக்கும் அந்த இடைப்பட்ட மாதங்களில் மருத்துவச் செலவு ஒன்று வந்தால் 107 என்பது தங்களுக்குக் கிடைக்காத எண். இளையவர் காத்திருப்பார். ஓய்வுப் பணத்தை நம்பி இருப்பவரிடம் காத்திருக்கச் சொல்வது நியாயம் ஆகாது.

தாங்கள் விரும்புவது வட்டியோடு ஏறும் வருமானமென்றால் அது இங்கேயே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2020 ஜூலையில் தொடங்கிய மாறும் வட்டிச் சேமிப்புப் பத்திரம், தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டியோடு 0.35 சதவீதம் சேர்த்துத் தருகிறது. தொடங்கியபோது 7.15 சதவீதம், 2023 ஜூலையில் 8.05 ஆனது, 2025ஆம் ஆண்டு முழுவதும் அதே 8.05தான். ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் வட்டி வரும். ஏழு ஆண்டுக்குப் பணம் பூட்டப்படும்; 60 வயதைக் கடந்தவர்களுக்கு வயதுக்கேற்ப முன்கூட்டியே எடுக்கும் வசதி உண்டு என்றாலும், 60 முதல் 70 வயதினருக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகே அது கிடைக்கும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் என்ற உச்சவரம்பைத் தாங்கள் இன்னும் எட்டவில்லையென்றால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி தரும் அதைத்தான் முதலில் நிரப்பச் சொல்வேன். 2025இல் அதன் விகிதம் 8.2 சதவீதம். இரண்டுக்கும் பின்னால் நிற்பது இந்திய அரசு. தரமதிப்பீடு குறைந்த ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கடனிலிருந்து ஏறத்தாழ இதே அளவு வட்டியைப் பெறுவதற்காகக் கடல் கடந்து போக வேண்டிய அவசியம் தங்களுக்கு இல்லை.

தங்கள் மகனுக்கு அந்த ஃபண்டில் நம்பிக்கை இருந்தால் அவர் பெயரில், அவர் பணத்தில் வாங்கட்டும். வருமானத்தில் ஒரு பங்கைத் தங்களுக்கு அனுப்பட்டும். மகன் தாய்க்குக் கொடுக்கும் பணத்துக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை.

கேள்வி: இந்தச் ‘சீனியர்’ கடன்கள் முதல் உரிமைக் கடன்கள், அதாவது நிறுவனம் நொடித்தால் மற்றக் கடன்களுக்கு முன்னால் திருப்பித் தரப்பட வேண்டியவை, சொத்து ஈடாக இருக்கிறது, நிறுவனம் நொடித்துப்போனாலும் 100 டாலரில் 60, 70 டாலர் திரும்பியிருக்கிறது என்று படித்தேன். அப்படியிருக்க, தாங்கள் முந்தைய இதழ் ஒன்றில் இதை ஆபத்தான முதலீடு என்று குறிப்பிட்டது ஏன்? (குன்னூர் வாசகர், கல்லூரிப் பேராசிரியர்)

பதில்: தாங்கள் படித்த எண் சரியானது. நீண்ட கால வரலாற்றில் முதல் உரிமைக் கடன்களின் மீட்பு விகிதம் அந்த அளவில்தான் இருந்திருக்கிறது. வரிசையில் முதலில் நிற்பது நல்லதுதான். ஆனால் வரிசையின் மறுமுனையில் என்ன மிச்சமிருக்கிறது என்பதை நான் ஒரு முறை கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வங்கிப் பணியில் இருந்த காலத்தில், நம் மாவட்டத்தில் மூடப்பட்டிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு ஈட்டுச் சொத்தை மதிப்பிடச் சென்ற குழுவில் நானும் இருந்தேன். விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை அது. எங்கள் கோப்பில் இயந்திரங்களுக்கு நல்ல தொகை எழுதப்பட்டிருந்தது. உள்ளே போனால், இலையை வாடவைக்கும் தொட்டிகளின் கம்பிவலையைப் பாதிக்கு மேல் யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இலையை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி. உருளைகளின் பற்கள் துருவில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. டிரையரின் தட்டில், கடைசி நாள் காய்ந்த தூள் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்து அடையாகக் கிடந்தது. கூட வந்த இயந்திர வியாபாரி ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கிலோக் கணக்கில் விலை சொன்னார். வாசலில், இலை போட்ட பணம் மூன்று மாதமாக வராத சிறு விவசாயிகள் நின்றிருந்தார்கள். சட்டப்படி வங்கி முன்னால்; அவர்கள் பின்னால். ஏலம் முடிந்து கணக்குப் பார்த்தபோது முன்னால் நின்ற வங்கிக்கே கடனில் பாதி வரவில்லை, அதற்கும் ஆண்டுகள் பிடித்தன. பின்னால் நின்றவர்களின் முகங்கள் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

முதல் உரிமையின் மதிப்பு, ஈடாக இருக்கும் பொருளின் மதிப்பைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்கக் கடன் குறியீட்டில் மிகப் பெரிய பங்கு வகிப்பது மென்பொருள் துறை. அங்கே தட்டிப் பார்க்க உருளைகூட இல்லை; வாடிக்கையாளர் ஒப்பந்தங்களும் மென்பொருளின் உரிமையும்தான் ஈடு. நிறுவனம் தள்ளாடத் தொடங்கியதும் முதலில் கரைவது அவைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய காலக் கடன் ஒப்பந்தங்களில், கடனாளியின் வருமானத்துக்கும் கடனுக்கும் இடையிலான விகிதம் கெட்டால் உடனே தலையிடும் உரிமை கடன் கொடுத்தவருக்கு இருந்தது. இன்று அந்நாட்டில் வழங்கப்படும் இத்தகைய கடன்களில் 10க்கு ஏறத்தாழ 9 கடன்களில் அந்த நிபந்தனை இல்லை. தவணை தவறும் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். முன்பு முதல் உரிமைக் கடனுக்குக் கீழே வேறு கடன்கள் மெத்தைபோல இருந்து இழப்பின் முதல் அடியைத் தாங்கின. இப்போது பல நிறுவனங்களில் கடன் முழுவதுமே முதல் உரிமைக் கடனாக இருக்கிறது. எல்லாரும் முதல் வரிசையில் நின்றால் முதல் வரிசைக்குப் பொருள் என்ன? 60, 70 என்ற பழைய எண்ணை அப்படியே எதிர்காலத்துக்கு நீட்டிப் பார்ப்பதில் எனக்குத் தயக்கம் இருப்பது இதனால்தான்.

மெத்தை என்றதும், உண்மையாகவே மெத்தை தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கதையைச் சொல்ல வேண்டும். செர்டா சிம்மன்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2020இல் நெருக்கடிக்கு ஆளானபோது, தனக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒரு பகுதியினருடன் மட்டும் உடன்பாடு செய்துகொண்டு, புதுக் கடன் கொடுத்த அவர்களை வரிசையில் முன்னுக்கு ஏற்றியது. நேற்றுவரை அவர்களோடு ஒரே வரிசையில் நின்ற மற்றவர்கள், தாங்கள் எந்தத் தவறும் செய்யாமலே பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2024 டிசம்பர் 31 அன்றுதான் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், நிறுவனம் தனக்குச் சாதகமாக ஒப்பந்தத்திலிருந்து காட்டிய விதிவிலக்கு அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. கடன் கொடுத்தவர்களுக்குள்ளேயே இப்படி ஒருவரை ஒருவர் முந்தும் ஏற்பாடுகள் அதன் பிறகும் நின்றபாடில்லை. ‘சீனியர்’ என்ற சொல்லை நிரந்தரப் பட்டமாக எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: நான் வீட்டிலிருந்தபடி மென்பொருள் பணி செய்கிறேன், வயது 32. வைப்புநிதி, பி.எஃப்., இந்தியப் பங்கு ஃபண்டுகள் எல்லாம் இருக்கின்றன. பரவலாக்கத்துக்காக 5 லட்சம் ரூபாயை இத்தகைய ஃபண்டில் வைக்க எண்ணம். பி.கே.எல்.என்., எஸ்.ஆர்.எல்.என். இரண்டில் எது நல்லது? இணையத்தில் காட்டும் வருவாய் விகிதத்தை வைத்தே முடிவு செய்யலாமா? (உதகை வாசகர்)

பதில்: காட்டப்படும் வருவாய் விகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனெனில் மற்ற வாசகர்களைவிட இதை வாங்கக்கூடிய நிலையில் இருப்பவர் நீங்கள்தான்.

பி.கே.எல்.என். 2011 மார்ச்சில் 25 டாலர் அளவில் தொடங்கியது. இப்போது இன்வெஸ்கோ நிறுவனம் நடத்தும் இந்த ஃபண்ட், அமெரிக்காவின் மிகப் பெரிய 100 கடன்களைக் கொண்ட குறியீட்டைப் பின்தொடர்கிறது. ஆண்டுச் செலவு விகிதம் 0.65 சதவீதம். அதன் விலை 2025இல் 21 டாலர் அளவில் இருந்தது. எஸ்.ஆர்.எல்.என். 2013 ஏப்ரலில் 50 டாலர் அளவில் தொடங்கி, 2025இல் 41 டாலர் அளவுக்கு வந்திருந்தது; பிளாக்ஸ்டோன் குழுமத்தின் கடன் பிரிவு கடன்களைத் தேர்ந்தெடுத்து நிர்வகிக்கிறது; செலவு விகிதம் 0.70 சதவீதம். இரண்டும் மாதந்தோறும் பணம் தருகின்றன. இரண்டிலும் தொடக்கத்தில் போட்ட முதலீட்டில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்திருக்கிறது.

இந்தத் தேய்மானத்தை வருவாய் விகிதம் காட்டாது. மாதாமாதம் வந்த பணத்தையும் விலையில் நேர்ந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துச் சொல்லும் மொத்த லாப விகிதத்தை, ஐந்தாண்டு, பத்தாண்டுக் கணக்கில் பாருங்கள். இணையப் பக்கத்தில் ‘30 நாள் எஸ்.இ.சி. வருவாய்’ என்று ஒன்று இருக்கும்; அமெரிக்கச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி. வகுத்த முறைப்படி கணக்கிடப்படுவது அது. கடந்த 12 மாதத்தில் ஃபண்ட் தந்த பணத்தைக் காட்டும் பங்கீட்டு விகிதத்தைவிட அது நம்பத்தகுந்தது, செலவைக் கழித்தே காட்டுகிறது. ஆனாலும் நாளை எத்தனை கடனாளிகள் தவறப்போகிறார்கள் என்பது அதற்குள் இல்லை.

விலை ஏன் தேய்கிறது? கடன் கெடும்போது விலை 100இலிருந்து 60க்கோ 40க்கோ போகலாம். கடனாளி சிறப்பாக வளர்ந்தால் 130க்கு ஏறாது. 100ஐ ஒட்டியே நிற்கும். ஏனெனில் கடனாளி எப்போது வேண்டுமானாலும் 100ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறைந்த வட்டியில் புதுக் கடன் எடுத்துக்கொள்ளலாம். வட்டி அதிகமென்று வீட்டுக்கடனை இன்னொரு வங்கிக்கு மாற்றிக்கொள்கிறோமே, அதே வேலைதான். 2024இல் அமெரிக்காவில் இப்படிக் கூடுதல் வட்டியைக் குறைத்துக்கொண்ட கடன்கள் ஏராளம். நல்ல கடனாளி வட்டியைக் குறைத்துக்கொள்வார். கெட்ட கடனாளி உங்களோடே தங்குவார். இறங்கும் பக்கம் ஆழமாகவும் ஏறும் பக்கம் மூடியும் இருப்பது இந்த முதலீட்டின் பிறவிக் குணம்.

இன்னொரு மயக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011 மார்ச்சில் டாலர் ஏறத்தாழ 45 ரூபாய். 25 டாலர் யூனிட் அன்று 1,125 ரூபாய். 2025இல் டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 21 டாலர் யூனிட் 1,848 ரூபாய். ரூபாய்க் கணக்கில் வரைபடம் போட்டுக் காட்டினால் கோடு அழகாக மேலே போகும். அந்த ஏற்றம் முழுவதும் டாலருடையது. டாலரைச் சும்மா பெட்டியில் வைத்திருந்தாலும் அது கிடைத்திருக்கும். ஃபண்டை எடைபோடும்போது டாலர் கணக்கிலேயே எடைபோடுங்கள். ரூபாய் சரிவு பற்றிய உங்கள் கணிப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டில் எது என்றால், பெரிய கடன்களின் குறியீட்டில் ஒரு குறை உண்டு: யாருக்குக் கடன் அதிகமோ அவருக்கே எடையும் அதிகம். பங்குக் குறியீட்டில் பெரிதாக வளர்ந்த நிறுவனத்துக்கு எடை கூடுகிறது. இங்கே பெரிதாகக் கடன்பட்ட நிறுவனத்துக்குக் கூடுகிறது. ஆகவே தேர்ந்தெடுத்து வாங்கும் நிர்வாகத்துக்கு இத்துறையில் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம். அதற்கு ஈடாக, பெரிய கடன்கள் எளிதில் கைமாறக்கூடியவை என்ற நன்மை குறியீட்டு ஃபண்டுக்கு உண்டு. வாங்குவதற்கு முன் இரு ஃபண்டுகளின் மாத அறிக்கையையும் இறக்கிக்கொண்டு, ‘பி மைனஸ்’, ‘சி.சி.சி.’ என்ற அடிமட்டத் தரங்களில் எத்தனை சதவீதம், முதல் பத்துக் கடனாளிகளிடம் எத்தனை சதவீதம், மென்பொருள் துறையில் எத்தனை சதவீதம் என்ற மூன்றை மட்டுமாவது ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவதை உங்களுக்காகவே சொல்கிறேன்: உங்கள் சம்பளமும் அதே துறையிலிருந்துதான் வருகிறது.

பரவலாக்கம் என்று எழுதியிருந்தீர்கள். பொருளாதாரம் சரியும்போது பங்குகளோடு சேர்ந்தே இக்கடன்களும் சரிகின்றன. 2008இலும் 2020இலும் அதுவே நடந்தது. ஆகவே இதை உங்கள் வைப்புநிதிப் பகுதியிலிருந்து எடுக்காமல், பங்குகளுக்கென்று ஒதுக்கிய பகுதியிலிருந்து சிறு பங்காக எடுத்து வையுங்கள். 5 லட்சம் உங்கள் மொத்தச் சேமிப்பில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்பதால் தேவைப்பட்ட நாளில் விற்றுவிடலாம் அல்லவா? (கூடலூர் வாசகர்)

பதில்: விற்கலாம், என்ன விலைக்கு என்பதே கேள்வி. யூனிட்டை விற்றால் அமெரிக்காவில் மறு வேலைநாளில் கணக்குத் தீர்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் கடன் ஒவ்வொன்றும் ஒப்பந்தப் பத்திரம் எழுதி, கடனை நிர்வகிக்கும் முகவர் வங்கியின் ஒப்புதலோடு கைமாற வேண்டியது. அதற்கு ஒரு வாரத்துக்கு மேல், பல நேரம் பத்து நாளுக்கும் மேல் ஆகிறது. இந்த இடைவெளியை ஈடுகட்ட ஃபண்டுகள் ரொக்கமும் பத்திரங்களும் கொஞ்சம் வைத்துக்கொள்கின்றன, கடன் வசதியும் ஏற்பாடு செய்துகொள்கின்றன. சாதாரண நாட்களில் இது தெரியவே தெரியாது. 2020 மார்ச்சில் எல்லாரும் ஒன்றாக வாசலுக்கு ஓடியபோது தெரிந்தது. பிப்ரவரியில் 100 டாலர் முகமதிப்புக்கு 96, 97 டாலராக இருந்த கடன்களின் சராசரி விலை, மார்ச் 23 அன்று 76 டாலருக்கு இறங்கியது. யூனிட்கள் அவற்றின் நிகர மதிப்புக்கும் கீழே கைமாறிய நாட்கள் உண்டு.

அடுத்த மாதமே நம் நாட்டில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்னும் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது நினைவிருக்கும். அங்கே கதவு அடைக்கப்பட்டது. பணம் தவணை தவணையாகத்தான் வந்தது. இ.டி.எஃப்.இல் கதவு திறந்தே இருக்கும், வெளியேறும் விலைதான் இறங்கும். பள்ளிக் கட்டணம், அறுவை சிகிச்சை என்று தேதி குறித்த செலவுக்கான பணத்தை இரண்டிலும் வைக்கக் கூடாது.

கேள்வி: ஐயா, நான் குந்தா பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. என் தம்பி வெளிநாட்டில் இந்த ஃபண்டு வைத்திருக்கிறான். அமெரிக்காவில் வட்டி குறைகிறதாம். அவன் வைத்திருப்பதா, விற்பதா? (குந்தா வாசகர்)

பதில்: உங்களுக்கு இதை விளக்குவது எளிது. குன்னூர் ஏலத்தில் தூள் விலை இறங்கினால் அடுத்து உங்கள் பச்சைத் தேயிலை விலையும் இறங்குகிறது அல்லவா? தம்பியின் மாத வருமானமும் அப்படித்தான். அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை இருந்தது. 2024 செப்டம்பரில் குறையத் தொடங்கி, 2025 டிசம்பரில் 3.50 முதல் 3.75 ஆகிவிட்டது. ஃபண்டிலிருந்து வரும் பணமும் அதற்கேற்பக் குறையும். ஒரு நன்மையும் இருக்கிறது: கடனாளி நிறுவனங்களின் வட்டிச் சுமை குறைவதால் தவணை தவறுவது குறையலாம். தொழில் நன்றாக நடக்கும்போது வட்டி மெல்லக் குறைந்தால் தம்பி வைத்திருக்கலாம். தொழில் படுத்துவிட்டது என்று அஞ்சி வட்டியைக் குறைத்தால், வருமானமும் இறங்கி, கடனும் கெடும். தம்பியின் கையில் இந்தப் பணம் ஐந்தாண்டுக்குத் தேவைப்படாது என்றால் விற்கச் சொல்ல மாட்டேன். புதிதாகச் சேர்க்கச் சொல்லவும் மாட்டேன்.

கேள்வி: அருவங்காட்டில் வசிக்கும் ஓய்வூதியர் நான், வயது 67. நண்பர் சொல்லி 15 லட்சம் ரூபாயை இந்தியாவிலிருந்து அனுப்பி இத்தகைய ஃபண்டு வாங்க இருக்கிறேன். வரி எப்படி? எனக்குப் பிறகு என் மனைவிக்கு எளிதாகக் கிடைக்குமா? (அருவங்காடு வாசகர்)

பதில்: கடைசியில் நீங்கள் கேட்டதை யாரும் முதலில் கேட்பதில்லை. நன்றி.

ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி வசூலித்து அரசுக்குக் கட்டிவிடும். உங்கள் கணக்கில் 5 லட்சத்துக்கு 1 லட்சம். அது உங்கள் வருமான வரியில் கழியும் அல்லது திரும்ப வரும் என்றாலும், அதுவரை பணம் முடங்கும். இரண்டு நிதியாண்டுகளாகப் பிரித்து அனுப்பினால் இந்தப் பிடித்தமே நேராது.

ஈவுத்தொகையாகக் கருதப்படும் பங்கீட்டில் அமெரிக்கா 25 சதவீதம் பிடித்துக்கொள்ளும். இந்தியாவிலும் அந்த வருமானத்துக்கு உங்கள் வரம்பின்படி வரி உண்டு. அங்கே பிடித்ததைக் கழித்துக்கொள்ள அதற்கென உள்ள படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் குறைந்த வரி வரம்பில் இருந்தால், அங்கே பிடித்தது இங்கே கட்ட வேண்டியதைவிட அதிகமாக இருக்கும். அந்த மிகுதியை இங்கே திரும்பப் பெற முடியாது. ஓய்வூதியருக்கு இந்த ஃபண்டின் வருமானம் காகிதத்தில் தெரிவதைவிடக் குறைவதற்கு இது முக்கியக் காரணம். மேலும், வெளிநாட்டுச் சொத்து ஒரு ரூபாய்க்கு இருந்தாலும் எளிய ஐ.டி.ஆர். 1 படிவம் உங்களுக்கு இனிச் செல்லாது, ஐ.டி.ஆர். 2 படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும்.

இனி உங்கள் மனைவியைப் பற்றி. அமெரிக்க ஃபண்டின் யூனிட் அந்நாட்டில் உள்ள சொத்தாகவே கருதப்படும். அந்நாட்டில் வசிக்காத வெளிநாட்டவர் இறக்கும்போது அங்குள்ள சொத்து 60,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 26 சதவீதத்தில் தொடங்கி 40 சதவீதம் வரை மரபுரிமை வரி உண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இந்த வரிக்கு ஒப்பந்தம் இல்லை. உங்கள் 15 லட்சம் அந்த வரம்புக்கு மிகவும் கீழே இருக்கிறது. டாலர் 88 ரூபாய் என்றால் வரம்பு ஏறத்தாழ 53 லட்சம். ஆனால் நேரடியாக வைத்திருக்கும் அமெரிக்கப் பங்குகளும் இதே கணக்கில் சேரும். வரம்பைத் தாண்டிய நிலையில், அமெரிக்க வருமான வரித் துறையின் சான்றிதழ் வரும் வரை தரகு நிறுவனம் பணத்தை விடாது. வரம்புக்குள் இருந்தாலும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம் என்று தாள்கள் கேட்பார்கள்; அனைத்தும் ஆங்கிலத்தில், மின்னஞ்சலில்.

இத்தனைக்குப் பிறகும் வாங்குவதென்று முடிவு செய்தால், 5 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. வாங்கிய அன்றே, தரகு நிறுவனத்தின் பெயர், கணக்கு எண், பதிவு செய்த மின்னஞ்சல், பணம் அனுப்பிய வங்கிக் கிளை, உங்கள் ஆடிட்டரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் எழுதி, உங்கள் ஓய்வூதியப் புத்தகம் இருக்கும் பீரோவில் வையுங்கள். உங்கள் மனைவியை அருகில் உட்கார வைத்து, அந்தத் தாளை ஒரு முறை அவரே வாய்விட்டுப் படிக்கும்படி செய்யுங்கள்.